சார் குளிக்க ஒரு தரை

டைல்ஸ் ஒட்டும் தொழிலில் இருக்கிற ஒரே நிம்மதி, செய்த தப்பின் மேலேயே டைல்ஸை ஒட்டி மூடிவிடலாம் என்பதுதான். குளியலறையில் அந்த நிம்மதியும் கிடையாது, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும். என்னைப் போலக் கரணை பிடித்துப் பிழைக்கிற பாவப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்கள், வீட்டில் வேலை நடக்கும்போது மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டவர்களாக இருப்பீர்கள். நீங்களும் நம் கட்சிதான்.

இருபது வருஷமாகச் சித்தூரிலும் திருப்பதியிலும் ஹால், சமையலறை, லாட்ஜ் வரவேற்பறை என்று தரை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ரேவதி கலவை போடுவாள், நான் ஒட்டுவேன். ஷவருக்கென்று தரை போட்டது போன வருஷம்தான் முதல் தடவை. அந்த ஒரு தரையில் பட்டதுதான் இதெல்லாம்.

தெரியும் என்றேன்

சித்தூரில் சுகுணா டீச்சர் வீடு. டீச்சரின் கணவர் பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலைத் தூக்கி வைக்க வராது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவர்கள் பாத்ரூமில் ஷவர் இடத்தைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருந்தது. அதைத் தாண்டப் போய் ஒருநாள் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்றரை வருஷமாக டீச்சர்தான் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தடுப்பே இருக்கக் கூடாது, படுக்கையறைத் தரையிலிருந்து ஒரே சமமாக உள்ளே போகணும், தண்ணீரும் வெளியே வரக் கூடாது, தானே போய்க் குளிக்கணும். இதுதான் சார் கேட்டது. “இந்த மாதிரி போட்டிருக்கியா மேஸ்திரி?” என்றார். “எத்தனையோ போட்டிருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டேன். கையில் வேலை இல்லாத மாசம் அது. எங்கள் ஊர் குடிபாலாவுக்குத் திரும்பும் வழியில், ரேவதி பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்: “பொய் சொல்றது உன் இஷ்டம் மாமா. அந்த மனுசன் வழுக்கி வுழுந்தா நம்ம பேரச் சொல்லிக்கினுதான் வுழுவாரு.”

குமிழி நடுவில் நின்றது

தடுப்பை இடித்து, பழைய தரையைப் பெயர்த்துக் குழியாக்கி, கலவை கொட்டிப் புதுத் தரையை இழுத்தேன். என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், சமமாக இழுப்பது. ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன். குமிழி நகராமல் நடுவிலேயே நின்றது. அவ்வளவு சுத்தமான வேலை. மறுநாள் கலவை இறுகியதும் நானே போய் சாரைக் கூப்பிட்டேன். பாராட்டு வாங்குகிற ஆசைதான், வேறென்ன.

சார் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ரேவதியிடம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே உட்கார்ந்தது. பிறகு யோசித்துக்கொண்டே பரவி, படுக்கையறைப் பக்கம் வந்து, அவருடைய வாக்கர் காலை நனைத்தது. எதிர் மூலையில் தண்ணீர் போக வேண்டிய ட்ராப் ஓட்டை காய்ந்து கிடந்தது. சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “நல்லா கீது மேஸ்திரி, லாட்ஜ் ஹாலு மாதிரியே கீது” என்றார். “ஆனா நான் இதுல குளிக்கணுமே.”

ஈசான்யம்

அந்தத் தரையை உடைத்துக்கொண்டிருந்தபோது சந்திரகிரியிலிருந்து டீச்சரின் தம்பி வந்தார். வாஸ்து பார்ப்பவர். யாரும் கேட்காமலே பார்ப்பார். செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் மூன்று சுற்று வந்தார். ட்ராப் தென்மேற்கு மூலையில் இருந்தது. தண்ணீர் ஈசான்யத்துக்கு, அதாவது வடகிழக்கு மூலைக்குத்தான் ஓட வேண்டுமாம். “பாவாவுக்குக் கை கால் வராம போனதே இதனாலதான்க்கா” என்று அவர் சாரைப் பற்றிச் சொன்னதும் டீச்சர் முகம் சுருங்கிப்போனது. பிறகு தம்பி என் பக்கம் திரும்பி, “ட்ராப்ப மாத்தறதுக்கு பிளம்பர்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வாட்டத்த இப்படிக் குடு” என்றார். வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் கொடுக்கிற சரிவு. ஏற்கெனவே ஒரு தப்பு செய்து தலை குனிந்து நிற்கிறவன் வாதாட முடியாது. ஒருநாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, வடகிழக்கு மூலைக்கு அருமையாக வாட்டம் கொடுத்து இரண்டாவது தரையைப் போட்டு முடித்தேன்.

பிளம்பர் மறுநாள் வந்தார். அந்த மூலைச் சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தார், உள்ளே வந்தார், மறுபடியும் வெளியே போய்ப் பார்த்தார். சுவரை ஒட்டி வெளியே மண்ணுக்கடியில் இருந்தது குடிதண்ணீர்த் தொட்டி. வீடு கட்டும்போது தொட்டி ஈசான்யத்தில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாகத் தோண்ட வைத்தவரும் இதே தம்பிதான். பிளம்பர் தெலுங்குக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். “ட்ராப் இங்க வெச்சிடலாம் மேஸ்திரி, கஷ்டமே இல்ல” என்றார். “சார் குளிச்ச தண்ணியையே எல்லாரும் குடிச்சிக்கலாம்.”

கோடு வரை தண்ணீர்

இரண்டாவதையும் உடைத்தேன். மூன்றாவது தடவை யாரையும் கேட்கவில்லை. வாசலிலிருந்து பழைய ட்ராப் வரை நூல் கட்டி, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வாட்டம் கொடுத்தேன். அது காய்ந்ததும் தண்ணீர் இறங்காமலிருக்க ரப்பர் பெயிண்ட் மாதிரி ஒன்றை இரண்டு பூச்சு பூசினேன். பிறகு சோதனை. ட்ராப்பில் துணியைத் திணித்து அடைத்து, வாசலில் களிமண்ணால் சின்னதாக அணை கட்டி, தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் தண்ணீர் கோட்டிலேயே நின்றால் தரை பாஸ். இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, உடைக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் போனால் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த வீட்டை விட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், பொய்யில்லை. ரேவதி சுத்தியலை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். முதல் அடிக்கு நான் கையை ஓங்கியபோது, வீட்டு வேலைக்கு வருகிற மங்கம்மா விளக்குமாறோடு எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. “நேத்து வெள்ளிக்கெழம, வீடு கழுவ வந்தேன். உங்க பைப்பு அடைச்சிக்கினு தண்ணி அப்பிடியே நின்னுக்கினு இருந்துச்சி. நான்தான் குச்சி வுட்டு எடுத்தேன். எவனோ துணியப் போட்டு வெச்சிருக்கான் மேஸ்திரி.”

மறுபடி நிரப்பினோம். இந்த முறை ரேவதி பாத்ரூம் கதவை வெளியே பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை.

ஹைதராபாத் டைல்ஸ்

டைல்ஸ் எது என்பதில் ஹைதராபாத்தில் இருக்கும் சாரின் மகள் வீடியோ காலில் வந்தாள். பெரிய டைல்ஸ், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, அவள் அபார்ட்மென்ட்டில் அதுதானாம். வாட்டமுள்ள தரையில் பெரிய டைல்ஸ் படியாது, உள்ளங்கை அளவுச் சொரசொரப்பு டைல்ஸ்தான் சரி என்றேன். “மேஸ்திரிங்க அவங்களுக்கு ஈசியானதத்தான் சொல்வாங்கம்மா” என்றாள் அவள். சின்ன டைல்ஸ் ஒட்டுவது நாலு மடங்கு வேலை என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சார் இரண்டு சாம்பிளையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே போடச் சொன்னார். இரண்டிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். உட்கார்ந்தபடியே பளபளப்பின் மேல் நல்ல காலை வைத்து ஊன்றினார். கால் சர்ரென்று கட்டிலுக்கடியில் போய்விட்டது. டீச்சர் பதறிப்போய்த் தோளைப் பிடித்தார். சார் செல்போனைத் தன் பக்கம் திருப்பி, மகளிடம் பொறுமையாகச் சொன்னார்: “நல்லாதாம்மா கீது. இதுல நிக்கறதுக்கு எனக்கு நாலு காலு வேணும்.”

தாழ்ப்பாள்

எல்லாம் முடிந்து, இடுக்குப் பூச்சு காய்ந்து, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி மாட்டிய பிறகு சார் குளிக்கப் போனார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, எதையும் தாண்டாமல் உள்ளே போனார். டீச்சர் பின்னாலேயே போனார். சார் திரும்பி அவரைப் பார்த்தார். டீச்சர் நின்றுவிட்டார். கதவு மூடியது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தாழ் போடக் கூடாது என்று மகள் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாளாம்.

ஷவர் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். டீச்சர் கையைக் கதவின் மேல் வைத்திருந்தார். என் கண் கதவுக்குக் கீழே இருந்தது. தண்ணீர் வரவில்லை. இருந்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. அவர் விழுந்தால் என் கையால் போட்ட தரையில் விழுவார். பத்து நிமிஷம் ஆனது, அதற்கு மேலும் ஆனது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. “சோப்பு கைக்கு எட்டுதா? நான் வரட்டா?” என்றார். உள்ளேயிருந்து சாரின் குரல் வந்தது. “எல்லாம் எட்டுது சுகுணா. நீ போய்க் கொஞ்சம் படுத்துக்கோ, நான் இன்னும் கொஞ்ச நேரம் குளிச்சிக்கினு இருக்கேன்.” டீச்சர் போய்ப் படுக்கவில்லை. அங்கேயே கீழே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரேவதியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கரணையைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் நான் போட்ட தரையை ஊரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஒருத்தரையும் பார்க்கவிடாமல் அனுபவித்தவர் சார் ஒருத்தர்தான்.