இரண்டு பேர் சொன்ன செய்தி

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய் ஜாடி உடைந்தபோது நீங்கள் இரண்டு பேரும் என் முன்னால் வந்து நின்று, "பூனைதாம்பா தள்ளிச்சு, நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்" என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். நான் திட்டாமல் சிரித்துவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு அதில் கோபம். பூனையே தள்ளியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் "ரெண்டு பேரும் பாத்தோம்" என்பது எனக்கு ரொம்பப் பழகிய வார்த்தை. உங்கள் வயதில் அதே வார்த்தையைச் சொல்லி நான் ஒரு தேர்தலையே கவிழ்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதி வைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேத் பட்டறைக்குப் போனவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். திருத்தம் போடுவது நம் குடும்பத்துக்குப் புதிதில்லை.

வெள்ளானூரில் இருக்கிற பேப்பர் தாத்தா என் தாய்மாமன் என்பது உங்களுக்குத் தெரியும். அவரை ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று நீங்கள் கேட்டதில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. அவர் ஒரு பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமாவின் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கடைகளுக்கு பில் புத்தகம் எல்லாம் அடிப்பார். அதில் மிச்சமாகும் நேரத்தில் மாதம் இரண்டு முறை நான்கு பக்கத்தில் ஒரு செய்தித்தாள். எங்கள் ஊரான கோவில்பதாகையில் எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த பஸ் நிற்காமல் போகிறது, யார் வீட்டு மாடு யார் வீட்டு வேட்டியைத் தின்றது, எல்லாம் அதில் வரும். ஆசிரியர், நிருபர், படம் எடுப்பவர், காலையில் சைக்கிளில் வீடு வீடாகப் போடுகிறவர், எல்லாமே மாமாதான்.

பத்திரிகை சின்னது என்றாலும் மாமா வைத்திருந்த சட்டங்கள் பெரியவை. ஒரு விஷயத்தை ஒருவர் சொன்னால் போட மாட்டார். "ஒர்த்தன் சொன்னா அது பேச்சு. ரெண்டு பேரு தனித்தனியா சொன்னாத்தான் சேதி" என்பார். அதன் பிறகு, யாரைப் பற்றிய செய்தியோ அவரிடமே போய், "இப்டி எழுதப் போறேன், நீ இன்னா சொல்ற?" என்று கேட்பார். அப்படியும் தப்பு வந்துவிட்டால் திருத்தம் போடுவார். மற்ற பத்திரிகைகள் போல மூலையில் எறும்பு எழுத்தில் இல்லை. தப்பு எந்த இடத்தில், எந்த அளவில் வந்ததோ, திருத்தமும் அதே இடத்தில், அதே அளவில். ஒரு முறை உயிரோடு இருந்த வாத்தியார் ஒருவருக்கு இரங்கல் செய்தி போட்டுவிட்டார். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அதே வாத்தியார் காபி குடிக்கிற படம். "வாத்தியார் நலமாக இருக்கிறார்" என்று கொட்டை எழுத்து. வாத்தியார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

அந்தப் பத்திரிகையில் என் பெயர் வர வேண்டும் என்பது எனக்கு ஒன்பது வயதில் இருந்த ஒரே ஆசை. "ஒரு நல்ல சேதி எடுத்துகினு வா, போட்டுர்றேன்" என்று மாமா சொல்லியிருந்தார்.

இப்படி இருக்கும்போது வார்டு தேர்தல் வந்தது. ஊர்ப் பிரச்சினையை எழுதி எழுதிக் கை வலிக்கிறது, உள்ளே போய் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம் என்று மாமா சுயேச்சையாக நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. மாமாவின் தலையோ அப்போதே தாம்பாளம் மாதிரி பளபளக்கும். ஓட்டுக் கேட்டுப் போகிற தெருவெல்லாம் சிரிப்பு. "அண்ணாத்தே, சீப்பு கீது, வார்றதுக்கு இன்னா கீது?" என்று டீக்கடையில் கேட்பார்கள். மாமாவும் சிரிப்பார். "எனக்கு இல்லடா, உங்களுக்கு வாரி உடத்தான் வந்துகீறேன்" என்பார்.

எதிர்த்து நின்றவர் சைக்கிள் கடைக்காரர். அவர் சின்னம் பூட்டு சாவி. மாமாவும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். தேர்தல் வந்த பிறகும் சாயங்காலம் சேர்ந்துதான் கேரம் ஆடினார்கள்.

மாமா கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று. அந்த வருஷம் எங்கள் தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வரும். வந்த கொஞ்ச நேரத்தில் நூலாக ஒழுகும். சில வீடுகளில் குழாயோடு திருட்டுத்தனமாக மோட்டாரை இணைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். தான் ஜெயித்தால் வார்டில் ஒரு திருட்டு மோட்டார் இருக்காது என்றார் மாமா. பெண்கள் எல்லாரும் சீப்புப் பக்கம் சாய்ந்தார்கள். மாமா ஜெயித்துவிடுவார் என்றே பேச்சு இருந்தது.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும். காலையில் குடத்தோடு வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது குழாய் நூலாகிவிட்டது. அதே நேரம் சைக்கிள் கடைக்காரர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். சுவரில் காதை வைத்தேன். சுவரே அதிர்ந்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மாமா வீட்டுக்கு ஓடினேன்.

மாமா அப்போதுதான் அடுத்த இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தார். சைக்கிள் கடைக்காரர் வீட்டில் மோட்டார் ஓடுகிறது என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டியா, பாத்தியா?"

கேட்டேன் என்றால் பெயர் வராது என்று எனக்குத் தோன்றியது.

"பாத்தேன் மாமா."

"வேற யாரு பாத்தாங்க?"

"தங்கச்சி."

தங்கை, அதாவது உங்கள் அத்தை, அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. ஓடிப் போய் அவளை எழுப்பி, இரண்டு தேன்மிட்டாய் தருவதாகச் சொல்லி, சத்தத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று பழக்கி, மாமா வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மாமா தன் சட்டப்படி என்னைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு, அவளை அடுப்படியில் தனியாக விசாரித்தார். அவள் கன்னத்தை உப்பி 'கொர்ர்ர்' என்று செய்தது தெருவுக்கே கேட்டது. மாமி, "ஏங்க, கொழந்தைங்க பேச்ச வச்சிகினா எழுதுவீங்க?" என்றார். "கொழந்தைங்களுக்கு இன்னா அரசியலு, பாத்தத சொல்லுதுங்க" என்றார் மாமா.

பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் வந்தது: 'மோட்டார் வைத்துத் தண்ணீர் உறிஞ்சும் வேட்பாளர்!' வார்டு முழுக்கப் பற்றிக்கொண்டது. நான் நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். என் பெயர் இல்லை. ஜெயித்த பிறகு போடுவார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் கூட்டம். முன்னால் சைக்கிள் கடைக்காரர், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு.

"இன்னா மச்சான், என் ஊட்ல மோட்டாரு கீதுன்னு போட்டுகீற. எங்க கீது? வந்து காட்டு."

அந்த அம்மாள் தூக்கைத் திறந்து நீட்டினார். நுரைத்துப் பொங்கிய மாவு. "இந்தாங்கண்ணே, உங்க மோட்டாரு அரைச்சது. இட்லி ஊத்தித் துன்னு பாருங்க. சேதி நல்லா வேகும்."

கூட்டம் சிரித்தது. மாமா சட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தார். பின்னால் ஊரே போனது. நானும் தங்கையும் போனோம். சுவரை ஒட்டி, தகரக் கொட்டகையில், ஒரு பெரிய கிரைண்டர். பக்கத்தில் இருந்த ஃபேக்டரி ஊழியர் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு மாவு விற்பதற்காகப் புதிதாக வாங்கியதாம். சைக்கிள் கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். கொர்ர்ர்.

தங்கைக்கு ஒரே சந்தோஷம். கை தட்டிக்கொண்டு, "இதேதான் மாமா! அண்ணன் இப்டித்தான் செஞ்சு காமிச்சான்!" என்று கத்தினாள்.

கிரைண்டர் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எங்கள் மூவருக்குத்தான் அது கேட்டது. மாமா குனிந்து என்னைப் பார்த்தார். நான் கிரைண்டரைப் பார்த்தேன்.

கிரைண்டர் நின்றது. "எவன் சொன்னான் மச்சான் இத? அவன் பேர மட்டும் சொல்லு, உன்னாண்ட எனக்குச் சண்டையே இல்ல" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"யாரும் சொல்லல மச்சான்" என்றார் மாமா. "நானாத்தான் எழுதிட்டேன். உன்னாண்ட வந்து கேட்டிருக்கணும். கேக்கல."

அன்று சாயங்காலம் மாமாவோடு ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் எல்லாரும் அவர் வீட்டில் கூடினார்கள். அவர்களில் ஒருவர் விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "அண்ணாத்தே, சின்னப் பசங்க தெரியாம சொல்ட்டாங்கன்னு ஒரு வரி போடு. ஜனங்க சிரிச்சிட்டு மறந்துரும். சீப்புக்கே குத்துவாங்க. நீயா எழுதுனேன்னு போட்டியோ, பொய்யன்னுடுவாங்க. எலெக்‌ஷனே பூடும்" என்றார். மாமா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்விட்டார்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் தனி இதழ் வந்தது. முதல் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில்: 'மோட்டார் இல்லை, கிரைண்டர்!' கிரைண்டரோடு அந்த அம்மாள் நிற்கிற படம். அதன் கீழே: "இந்தச் செய்தியை யாரும் தரவில்லை. ஆசிரியர் பார்க்காமல், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல், தானே எழுதினார். தவறு ஆசிரியருடையது." தெருத்தெருவாக மாமாவே போட்டுவிட்டு வந்தார். போகிற வழியில் இரண்டு பேர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! சுவரில் காதை வைத்தது நான். ஓடி வந்து சொன்னது நான். தங்கைக்கு இரண்டு தேன்மிட்டாய் கொடுத்ததும் நான். இவரானால் தானே எழுதினேன் என்று தன் பெயருக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. தலையைத் தடவ வந்த கையைத் தட்டிவிட்டேன். "ஏன்டா மொறைக்கிற?" என்று கேட்டார். "யாரும் சொல்லலன்னு போட்டீங்கல்ல?" என்றேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மாமா தோற்றார். பெரிய தோல்வி இல்லை. ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடிய ஆட்களின் ஓட்டுதான் குறைவு. ஜெயித்த சைக்கிள் கடைக்காரர் நேராக மாமா வீட்டுக்கு வந்து தன் கழுத்து மாலையைக் கழற்றி மாமாவுக்குப் போட்டார். "தோத்தவருக்கு மாலை போட்ட ஒரே வார்டு நம்ம வார்டுதான்" என்று மாமி முணுமுணுத்துக்கொண்டே வந்தவர்களுக்கு இட்லி வைத்தார். அந்த அம்மாள் கொடுத்தனுப்பிய மாவுதான். அடுத்த இதழில் சைக்கிள் கடைக்காரர் படத்தைப் போட்டு வெற்றிச் செய்தியும் எழுதினார் மாமா. அதற்குப் பக்கத்திலேயே, "புதிய கவுன்சிலர் திருட்டு மோட்டார்களை எப்போது பிடுங்குவார்?" என்று ஒரு கேள்வி. ஆறு மாதம் ஒவ்வொரு இதழிலும் அதே கேள்வி வந்தது. தொல்லை தாங்காமல் அவர் பிடுங்கினார். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது. எனக்கு மட்டும் ஆறவில்லை. என் செய்தியை மாமா எடுத்துக்கொண்டார் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம், மெட்ரோ வேலைக்காகப் பூந்தமல்லியில் அந்தச் சந்து ஓரத்துக் கட்டடங்களைக் காலி செய்தார்கள். அச்சகம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. உள்ளே பழைய இதழ்க் கட்டுகள்தான் இருந்தன. நான்தான் வண்டியில் கட்டி எடுத்து வந்தேன். பரணில் இருக்கிற அந்தச் சாக்கு மூட்டைகள் அவைதான். வெள்ளானூருக்குப் போனபோது மாமாவிடம், "அந்த கிரைண்டர் சேதி ஞாபகம் கீதா மாமா?" என்று காதருகில் கத்தினேன். "அதுவா? என் தப்புடா அது. ஜெயிக்கணும்ன்ற ஆசையில அவனாண்ட போய்க் கேக்காம வுட்டேன்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவேளை நிஜமாகவே மறந்துவிட்டாரோ என்னவோ.

நேற்று நீங்கள் டியூஷனுக்கும் அம்மா மார்க்கெட்டுக்கும் போயிருந்தபோது மூட்டையைப் பிரித்தேன். அந்தத் தனி இதழ் கிடைத்தது. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோகிற பேனாவை எடுத்து, "இந்தச் செய்தியை யாரும் தரவில்லை" என்ற வரியில் 'யாரும் தரவில்லை' என்பதை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். அதன் கீழே தங்கை பெயரையும் எழுதலாமா என்று பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடியைப் போட்டு மூடிவிட்டு, இதழை மடித்துக் கட்டுக்குள் வைத்துக் கட்டினேன்.