பெட்டிக் கதவில் கண்ணாயி

செம்மேட்டில் ஆம்பளையே பாதியில் இறங்கிய அறுபதடி இரும்புக் கம்பத்தின் உச்சியைத் தொட்டவள் கண்ணாயி. பொம்பளையை ஏற்றாதே என்ற கடைக்காரரை, ஆள் அனுப்பிக் கூப்பிட வைத்தவள். எழுதத் தெரியாதவள் என்று சிரித்தவனின் பெயரை அழிக்க வைத்து, அங்கே தன் பெயரை எழுதியவள். அண்ணன் பொன்னன் மூன்றையும் இதே வரிசையில்தான் சொல்வான். யாராவது குறுக்கே பேசினால் முதலிலிருந்து தொடங்குவான்.

மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக் கிடங்கோடு பேச விவசாயிகள் சங்கம் ஒரு வயர்லெஸ் வைத்திருந்தது. 1998 ஆடிக் காற்றில் சங்கத்து வாசலில் நின்ற கம்பத்தின் உச்சியிலிருந்த ஆன்டெனா முறிந்து, கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அடிவாரத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த ஜாபர் உசேன், வேலைக்காரன் ஜீவாவை அனுப்பினார். ஜீவா பாதிக் கம்பம் ஏறினான். காற்று ஆட்டியது. கண்ணை மூடிக்கொண்டே இறங்கினான்.

அண்ணனோடு வாழைத்தார் கொண்டு வந்திருந்த கண்ணாயிக்குச் சிரிப்பு தாளவில்லை. திண்ணனூர் நாட்டில் ஒற்றை மூங்கிலைச் சாத்தி, சில்வர் ஓக் மரத்து உச்சி வரை மிளகு பறிக்கிறவள் அவள்.

"சிரிக்கறீங்களே, நீங்க ஏறுங்க பாக்கலாம்."

"ஏறறேன். என்ன பண்ணோணும்னு கீழிருந்து கத்து. கத்தறதுக்காச்சும் ஆவாயா?"

சேலையை வரிந்து கட்டி ஏறினாள். ஜீவா கத்தக் கத்த, பழைய ஆன்டெனாவைக் கழற்றிப் புதியதை முடுக்கினாள்; புதுக் கேபிளைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டே இறங்கினாள். காரவள்ளி பேசியது.

கம்பத்தடியில் ஒரு தகரப்பெட்டி. கேபிள் மாற்றியவர் அதன் கதவுக்கு உட்புறம் பெயரும் தேதியும் எழுதி வைப்பது வழக்கம். ஜீவா தன் பெயரை எழுதினான்.

"மாத்துனது நானு. உம்பேரு எதுக்கு?"

"உங்களுக்கு எழுதத் தெரியுமாக்கா? கதவுல கைநாட்டா வெப்பீங்க?"

சங்கத்து வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். பொன்னனுக்குக் காது எரிந்தது. வீட்டுக்குப் போனதும் கண்ணாயி வாக்காளர் அட்டையை எடுத்து, "இதுல எம்பேரு எதுண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் மாட்டுக்கொட்டகைச் சுவரெல்லாம் கரி எழுத்து.

விஷயம் கேள்விப்பட்ட ஜாபர் உசேன், "இனிமே பொம்பளைய ஏத்துனே, வேலையில இருக்கமாட்டே" என்று ஜீவாவை எச்சரித்தார். ஆனால் மறு ஆடியில் வயர்லெஸ் இரைந்தது. ஜீவாவைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். ஏற ஆளில்லை. திண்ணனூர் நாட்டுக்கு ஆள் போனது.

கண்ணாயி வந்து கம்பத்திலிருந்து கழற்றி இறக்கிய கேபிளில், இரும்பு விளிம்பில் உரசிய இடமெல்லாம் கறுப்புத் தோல் தேய்ந்து உள்கம்பி பச்சையாகப் பூத்திருந்தது. ஜாபர் உசேன் பெட்டிக் கதவைத் திறந்தார்.

"ஏன்டா ஜீவா! யாரு ஏறியிருந்தாலும் உம்பேருதான போட்டிருக்கு? கட்டுன லட்சணமாடா இது?"

ஜீவா கதவிலிருந்த தன் பெயரைப் பார்த்தான்.

பொன்னன் தங்கையின் கையை அமுக்கினான். "சும்மா இரு கண்ணு. அவனே வாங்கிக்கட்டும்."

அவள் கையை உதறினாள்.

"கட்டுனது நானுங்க, பாய். மொளகுக் கொடியக் கட்டறாப்புல ரெண்டு வெரல் எளக்கம் உட்டுக் கட்டிப்புட்டேன். கொடி பருக்கும். இது பருக்காதுன்னு எனக்குத் தோணல. காத்துல ஆடியாடித் தேஞ்சிருச்சு."

"அப்ப தப்பு உன்னுதாம்மா?"

"என்னுதுதானுங்க. தப்பு என்னுதுன்னா வேலையும் என்னுதுதான? அந்தப் பேர அழிக்கச் சொல்லுங்க. அப்பறம் ஏறறேன்."

"கெடுத்ததுக்குப் பேரு கேக்கறாங்க பாருங்க பாய்" என்றான் ஜீவா.

"நீ கெடுக்காமயே பேரு போட்டுக்கிட்டியே, சாமி!"

இந்த முறை வாசல் ஜீவாவைப் பார்த்துச் சிரித்தது. ஜாபர் உசேன் சிரிக்கவில்லை.

"மறுபடி போச்சுன்னா?"

"யாரத் திட்டோணும்னு கதவுல இருக்குமுங்க."

ஜாபர் உசேன் ஜீவாவிடம் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினார். அவன் தன் பெயரைத் துடைத்தான்.

கண்ணாயி புதுக் கேபிளோடு ஏறினாள். சாணுக்கு ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் நகம்கூட நுழையாதபடி இறுக்கினாள். பொன்னன் கீழிருந்து கட்டுகளை எண்ணிக்கொண்டே நின்றான். இரைச்சல் இல்லாமல் காரவள்ளி பேசியது.

சிவப்புப் பெயின்ட்டும் பிரஷும் கைக்கு வந்தன. நாலு எழுத்து. மூன்றாவது பெரிதாகிவிட, நாலாவது கதவோரத்தில் நெருங்கி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. எண்கள் மிளகு நிறுக்கும் எடைக்கற்களில் பழகியவை. பெயருக்குக் கீழே தேதியைத் தடுமாறாமல் எழுதினாள்.

14-8-1999.