பிடித்து வைத்த மருந்துத் துண்டு

எதையும் முந்திச் சொல்லி வைத்தால்தான் பவளராணிக்கு நிம்மதி. மீன்காரனிடம் மீன் தலை, ரொட்டிக் கடையில் முதல் நாள் மிஞ்சிய ரொட்டி. வன்னியிலிருந்து பலெர்மோவுக்கு வந்த புதிதில், வரிசையில் நின்றால் தன்னைக் கடைசியாகத்தான் கவனிப்பார்கள் என்று கண்டுகொண்டாள். 'எனக்கெண்டு எடுத்து வையுங்கோ' என்பதற்கான இத்தாலியச் சொற்களைத்தான் முதலில் பாடமாக்கினாள்.

வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடிவீட்டில், புற்றுநோயில் படுத்துவிட்ட வீட்டுக்காரக் கிழவி சினியோராவை நெடுங்காலம் அவள் ஒருத்தியே பார்த்தாள். பிறகு மிலானில் இருக்கும் மகள் எலெனா, பின்னேரங்களுக்கு அமலினியைச் சேர்த்தாள். மன்னார்ப் பிள்ளை. பங்குத்தந்தை சிபாரிசு செய்தவள். இத்தாலிய மொழி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பவளராணி இன்றுவரை அம்மணி என்ற மரியாதையில் 'சினியோரா' என்றுதான் கூப்பிடுகிறாள். அமலினியோ வந்த வாரமே பாட்டி என்ற உரிமையில் 'நொன்னா' என்றாள். கிழவி சிரித்தாள். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு இருந்ததே பவளராணிக்கு அன்றுதான் தெரியும்.

"பாதி வேலைக்கு முழுச் சம்பளம். இதுக்கு ஆராவது மூஞ்சையை நீட்டுவினமோ?" என்றான் புருசன் கதிரேசு.

"உங்களுக்கு விளங்காது."

"விளங்குது. பெறாமை."

அவள் சோற்றுக் கோப்பையைச் சற்று ஓசையோடு வைத்தாள்.

சினியோராவின் வலிக்குத் தோளில் ஒரு பிளாஸ்டர் ஒட்டுவார்கள். மார்ஃபின் வகை மருந்து அதிலிருந்து மெல்ல மெல்ல உடம்பில் இறங்கும். சில நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். மாற்றுவதும், ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதும் பவளராணியின் வேலை. ஆனால் மாற்றும் நேரம் பின்னேரத்தில் வந்ததால் அதுவும் அமலினியின் கைக்குப் போய்விட்டது.

அன்று காலை எலெனாவின் செய்தி இருவரின் போனுக்கும் வந்தது. டாக்டர் எழுதி அனுப்பிய புதிய மருந்துத் துண்டின், அதாவது மருந்துச் சீட்டின், எண். கீழே ஒரு வரி: 'அமலினி, பின்னேரம் நீ வாங்கிவிடு. இன்று மாற்ற வேண்டும்.'

பவளராணியின் பெயரே இல்லை. அவள் அதைத் திரும்பவும் வாசித்தாள். பிறகு சினியோராவின் சுகாதார அட்டையை எடுத்துக்கொண்டு, தான் வழக்கமாகப் போகும், ரயில் நிலையத்தடிப் பார்மசிக்கு நடந்தாள்.

"இது இப்போது கையிருப்பில் இல்லையே," என்றார் பார்மசிக்காரர். "நாளைக் காலை வரவழைக்கலாம்."

"அப்ப எனக்கெண்டு பிடிச்சு வையுங்கோ, தொத்தோரே," என்றாள், மருந்துக்காரரையும் டாக்டர் என்றழைக்கும் அந்த ஊர் வழக்கப்படி.

அவர் எண்ணைக் கணினியில் தட்டினார். இங்கே இல்லாதது இன்று வேறெங்கும் இருக்காது என்று நினைத்தாள். நாளைக்குத் தானே வாங்கி வந்து, தானே ஒட்டலாம். ஓர் இரவு பிந்தினால் என்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முன்பொருமுறை பிந்தியபோது சினியோரா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததை நினைக்காமலிருக்கப் பார்த்தாள். அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மதியம் வேலை முடிந்ததும் தன் வீடு இருக்கும் பிரான்காச்சோவுக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் நகர்ந்து சிறிது நேரத்தில் அமலினி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, பக்கத்துப் பார்மசியில பிளாஸ்டர் கிடக்கு. ஆனா தரமாட்டினமாம். வேற ஒரு பார்மசி இந்தத் துண்டைப் பிடிச்சு வைச்சிருக்கெண்டு கம்பியூட்டர் சொல்லுதாம். அவை விட்டாத்தான் இவை குடுக்கலாமாம்."

பவளராணி திகைத்துப் போனாள். சொல்லி வைத்த மீன் தலையை அவள் வாங்கினாலும் மற்ற மீனெல்லாம் மற்றவர்களுக்குக் கிடைக்கும். இதுவும் அப்படித்தான் என்றல்லவா நினைத்தாள்.

"ஆர் வைச்சதோ, எனக்கென்ன தெரியும்?"

"ஸ்ரேசனடியில இருக்கிற பார்மசி அக்கா. அங்கையும் போன் எடுத்தனான். இது அப்பிடியான மருந்து, முகம் தெரியாத ஆள் போனில கேட்டு விடமாட்டன், கொண்டு வந்தவ நேர வரட்டும் எண்டார்." அமலினியின் குரல் தாழ்ந்தது. "நான் ஒண்டும் கேக்கேல்லை அக்கா. நொன்னாவுக்கு இப்பவே குத்தத் தொடங்கிட்டுது."

அந்த 'நொன்னா' இந்த நேரத்திலும் பவளராணியைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"போனை வை. போறன்."

அடுத்த தரிப்பில் இறங்கி, திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தாள். ஜனவரிக் காற்று முகத்தில் அடித்தது. பார்மசி மதிய இடைவேளைக்குப் பூட்டியிருந்தது. இரும்புக் கதவு உயரும்வரை வாசலில் நின்றாள். தெருவில் போனவர்கள் எல்லோருக்கும் தான் நிற்பது எதற்கென்று தெரிந்திருக்கும் போலிருந்தது.

"விட்டுவிடுங்கோ தொத்தோரே. மற்ற இடத்தில இருக்காம்."

"காலையிலேயே விசாரித்திருக்கலாமே," என்றார் அவர். அவர் சில விசைகளைத் தட்டினார். "சரி, இனி அவர்கள் கொடுக்கலாம்."

அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கால்கள் சினியோராவின் வீட்டுப் படிகளில் ஏறின. வழியில் போன் ஒலித்தது. அமலினி எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருந்தாள்: 'மருந்து கிடைத்துவிட்டது. பவளராணி அக்கா அலைந்து உதவினார்.' எலெனா அதற்கு ஓர் இதயக் குறியை அனுப்பியிருந்தாள். அது யாருக்கு என்று தெரியவில்லை.

அமலினி கதவைத் திறந்தாள். "இப்பத்தான் ஒட்டினன். இடம் மாத்தி மற்றத் தோளில. சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்."

பவளராணி ஒரு பிழையாவது இருக்கும் என்று நம்பிப் போனாள். சுருக்கமில்லை. ஓரம் தூக்கவில்லை. தன்னைவிட நேராக ஒட்டியிருந்தாள். கட்டிலோரம் அமர்ந்து, தேவையில்லாமல், பிளாஸ்டரின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

சினியோரா கண் திறக்கவில்லை. "அமலினி, உன் கை குளிருது," என்று இத்தாலிய மொழியில் முணுமுணுத்தாள். "ஆனாலும் எடுக்காதே."

அமலினி வாயைத் திறக்கப் போனாள். பவளராணி தலையசைத்து அவளைத் தடுத்தாள். சினியோராவின் மூச்சு சீராகும்வரை கையை அங்கேயே வைத்திருந்தாள்.