வெளியே கிடந்த செருப்பு

என் அக்காவின் வீட்டுக்காரர் குளிரிலேயே சம்பாதித்தவர். மீனும் காய்கறியும் அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றுக்கு அவர்தான் பொறுப்பு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். என் அத்தான் கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக உள்ளே போவார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஐஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச்சும் அப்படித்தான். நான் நாற்பது வார்த்தை கொட்டினால் பதிலுக்கு ஒரு 'ம்' வரும். எனக்கு அவர் வைத்த பெயர் பட்டாசு. பொருத்தமான பெயர்தான், நான் மறுக்கவில்லை.

அந்தக் கிடங்கில் ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார்கள். பூட்ட வருகிற ஆள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். வெளியே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூட்டக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒருவன், தரையைப் பார்க்காமல் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அத்தான் உள்ளே. உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிப்போய் அசைய மாட்டேன் என்றது. கத்தினாலும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்காது. நல்லவேளை, அக்கா அன்றைக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். "அவர் வெளிய போயிருப்பார்மா" என்று காவலாளி சொல்லியிருக்கிறான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"செருப்பு இங்க கிடக்குதே! வெறுங்காலோடயா போனாரு? திறங்கய்யா கதவை!"

அவள் போட்ட கூச்சலில் கிடங்கே கூடிவிட்டது. கதவைத் திறந்தபோது அத்தானுக்கு உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மீனோடு மீனாகியிருப்பார். "உங்க அக்கா எனக்கு உசுரு குடுத்தவ" என்று அதற்கப்புறம் ஊரெல்லாம் சொன்னார். அதை மட்டும் முழு வாக்கியமாகச் சொல்வார். பிள்ளை இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம்தான் அக்காவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். அதில் என்ன, நானும் மறப்பேன். பிறகு ஒருநாள் என்னையே ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீ? தெரிஞ்ச முகமா இருக்கே" என்றாள். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். அடுத்த மாதம் அவள் காணாமல் போனாள். பேருந்து நிலையத்துப் பெஞ்சில் கிடைத்தாள். மடியில் பழைய சாப்பாட்டு அடுக்கு, காலி. யாருக்கோ சாப்பாடு கொண்டுபோவதாகச் சொன்னாளாம்.

அன்றிலிருந்து அத்தான் வாசல் கதவை உள்ளேயிருந்து பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதோடு, கைப்பேசியும் கையுமாக ஆகிவிட்டார். எந்த நாட்டில் வாடகை மலிவு, எந்த நாட்டில் மருந்து மலிவு, எங்கே போனால் சின்ன பென்ஷனில் பெரிய மனுஷனாக வாழலாம் என்று காணொளி காணொளியாகப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் உலகப்படம் விரித்துக் கிடந்தது. ஒரு கண்டத்தின் மேல் அக்காவின் மாத்திரை டப்பா, இன்னொன்றின் மேல் ஊறுகாய் ஜாடி.

"இங்க பென்ஷன் மருந்துக்கே கைக்கும் வாய்க்குமா இருக்கு, பட்டாசு. அங்கல்லாம் இதே காசுல ஆள் வச்சுப் பாத்துக்கறாங்க" என்றார்.

"இக்கரைக்கு அக்கரை பச்சை அத்தான். போன பிறகுதான் தெரியும்."

"ம்."

ஒரு தீவைப் பார்த்தார். நல்ல ஆஸ்பத்திரி, ஆனால் படகில் போக வேண்டும். வேண்டாம். ஒரு மலைநாடு. வாடகை சல்லிக்காசு. "குளிருதாமே. பட்டது போதும்டா சாமி" என்று தள்ளிவிட்டார். அதுவரைக்கும் நியாயம்தான். மூன்றாவதாக ஒரு நாடு. அங்கே சனங்கள் சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரட்டை அடிப்பார்களாம், கதவையே சாத்த மாட்டார்களாம். விலைவாசியும் ஒத்துவந்தது. "அக்காவுக்கு இதுதான் சரி" என்று நான் குதித்தேன். அவர் படத்தில் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடினார். "வேணாம்" என்றார். கதவு சாத்தாத ஊர் இவருக்கு ஏன் ஆகவில்லை என்று அப்போதுதான் முதல்முதலாக யோசித்தேன்.

கடைசியில் அவர் பிடித்த நாட்டின் பெயரை எனக்கு உச்சரிக்கக்கூட வரவில்லை. அங்கே வயதானவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு. கைப்பேசியில் படம் காட்டினார். நீள நடைபாதை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவுகள். ஒரு மனித முகம் இல்லை.

"சுத்தம். அமைதி. கதவெல்லாம் நல்ல கெட்டி."

வீடு பார்க்கிறவர்கள் காற்று வருமா, தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். கதவு கெட்டியா என்று யாராவது கேட்பார்களா?

அக்கா படத்தை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அங்க பேசறது எனக்குப் புரியுமா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல" என்றார் அத்தான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எந்த நாடும் வேணாம். அக்காவை என்கிட்ட விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ காலைல வேலைக்குப் போனா ராத்திரி வர்றவ. உன் வீட்டுக் கதவை யார் பாத்துக்கறது?" பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஒரு பொருள் கெடாம இருக்கணும்னா கதவு சாத்தியே இருக்கணும். திறந்து திறந்து மூடினாத்தான் கெட்டுப்போகும். நான் ஆயுசு பூரா பாத்தவன்."

"அக்கா என்ன உங்க கிடங்குச் சரக்கா?"

மேசையைத் தட்டிக் கத்திவிட்டேன். ஊறுகாய் ஜாடி ஆடியது. அத்தான் அதைப் பிடித்து நிறுத்தினார், அவ்வளவுதான். அந்த மனுஷனிடம் சண்டை போடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

புறப்படுகிற அன்று பெட்டிகளைப் பார்த்தேன். அக்காவுக்குப் பெரிய பெட்டி, பிதுங்கப் பிதுங்க. அத்தானுக்குத் தோளில் மாட்டுகிற பை ஒன்று. வீட்டையும் காலி செய்யவில்லை. "என்ன இது? குடி போறவர் பையா இது?" என்று கேட்டேன். "போய்ப் பாத்துட்டு, மீதியை அப்புறமா வந்து எடுத்துக்கலாம்" என்று மழுப்பினார். அக்கா வாசலில் நின்று நீலச் செருப்பை மாட்டிக்கொண்டாள். இடது கால் வார் அறுந்து, நான் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்த செருப்பு. "நல்லா தைச்சிருக்கே. யாரு தைச்சது?" என்று என்னிடமே கேட்டாள்.

போய் இறங்கியதாக ஒரு போன் வந்தது. அக்காவிடம் கொடுங்கள் என்றேன். தூங்குகிறாள் என்றார். மறுநாள் கேட்டேன், தூங்குகிறாள். அதற்கடுத்த நாளும் தூக்கம்தான். பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓயும், நான் மறுபடியும் போடுவேன். யாரைக் கேட்பது? அந்த நாட்டுக்காரர்களிடம் என்ன பாஷையில் கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு, "உங்க அக்கா வீட்டுல ஜன்னல் திறந்திருக்கே, வந்துட்டாங்களா?" என்றாள். விழுந்தடித்து ஓடினேன்.

வாசலில் அத்தானின் செருப்பு. பக்கத்தில் நீலச் செருப்பு, சிவப்பு நூல் தையலோடு.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்துவிட்டாள்! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை. "அக்கா! அடியே அக்கா!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். கூடத்தில் இல்லை. படுக்கையறையில் இல்லை. சமையலறையில் அத்தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்.

"அக்கா எங்க?"

"அங்க. நல்லா பாத்துக்கறாங்க."

"நீங்க கூட இருப்பேன்னுதானே சொன்னீங்க?"

"என் பென்ஷன் அங்க ஒருத்தருக்குக் கட்டத்தான் காணும், பட்டாசு."

"போறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

எத்தனையோ 'ம்' கேட்டிருக்கிறேன். இந்த 'ம்'முக்கு அவரை அடித்திருப்பேன். கை எழவில்லை. "அப்ப வாசல்ல அவ செருப்பு ஏன் கிடக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க செருப்போட உள்ள விடமாட்டாங்க. ஒவ்வொரு கதவுக்கும் வெளிய ஒரு ஜோடி செருப்பு. அத்தனை கதவும் பூட்டியிருந்துது. இவளையும் உள்ள விட்டுப் பூட்டினாங்க. செருப்பு வெளிய கிடந்துது. அதைப் பாத்துட்டு என்னால நகர முடியலை. எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். அப்பத்தான் கால் நடந்துது."

"அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"கூப்பிட்டா."

"என்னன்னு?"

"'ஏங்க, செருப்பு வெளியதான் கிடக்குது, பாக்கலையா'ன்னு."

அவர் அழுதாரா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. அந்த இடத்தின் முகவரியை வாங்கிக்கொண்டு, செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வரும் வரும் என்கிறார்கள், வரக் காணோம். அதுவரை நீலச் செருப்பு என் வீட்டு வாசலில் கிடக்கிறது. படுக்கப் போகும்போது கதவைப் பூட்டப் போனால் கண் தரைக்குப் போகிறது. பூட்டாமலே வந்து படுத்துக்கொள்கிறேன்.