தங்கையின் ரத்தம்

ராமகுப்பத்துத் துலுக்காணத்தைப் பெரிய மனசுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. கோபக்காரர். பிறருடைய மல்பெரித் தோட்டங்களில் கூலிக்கு இலை பறித்தார். பெங்களூரில் கட்டடங்கள் எழும்பிய தொண்ணூறுகளில், குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி அங்கே கூலி வேலைக்குப் போனார். சொன்ன சொல்லை மாற்ற மாட்டார், அவ்வளவுதான். புருஷனை இழந்த தங்கை ரத்னம்மா வீட்டுவேலைக்காகக் குவைத் புறப்பட்டபோது, அவள் மகள் யமுனாவைத் தன் மகனுக்கே கட்டுவதாகச் சொன்னார். பிள்ளைகளும் வளர்ந்தபின் அதையே விரும்பினார்கள்.

ஐம்பது வயதில் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. மருந்துக்கு அடங்கியது, திரும்பியது. கூடப்பிறந்தவரின் ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்லை ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். ரத்னம்மா வந்து கொடுத்தாள். இனி இவர் உடம்பில் ஊறுவது தங்கையின் ரத்தம், அது முழுதாக இருக்கும்வரை நல்லது, நோய் திரும்பும் பயம் முதல் இரண்டு வருஷத்தில்தான் அதிகம் என்று டாக்டர் விளக்கினார்.

அந்த இரண்டு வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க நினைத்தார் துலுக்காணம். மனைவி செல்லியம்மா மறுத்தாள்.

"உன் ஒடம்புல ஓடறது அவ ரத்தம். அப்போ அவ பொண்ணு உனக்கும் பொண்ணுதான். கூடப் பொறந்தவளுக்கு உம் பையன் தாலி கட்டணுமா?"

"பையன் பொறந்தப்ப இந்த ரத்தம் எங்கடி இருந்துச்சு?"

டாக்டரே சொன்னாரே என்பாள் அவள். ஊரிலும் பாதிப் பேர் அவள் பக்கம். ரத்னம்மா குவைத் திரும்பினாள்.

இரண்டாம் வருஷம் முடியுமுன் அவர் அக்குளில் கட்டி தெரிந்தது. தங்கையின் ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது, பழைய ரத்தம் தலைதூக்குகிறது, நோய் திரும்பிவிட்டது என்றார் டாக்டர். இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் செல்லியம்மாவே குவைத்துக்குப் போன் செய்து, கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், புறப்பட்டு வா என்றாள்.

"அண்ணனுக்கு நல்லா ஆயிடுச்சா அண்ணி?" ரத்னம்மாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

செல்லியம்மா போனைக் கணவனிடம் நீட்டினாள். துலுக்காணம் வாங்கினார்.

"உன் ரத்தம் என்கிட்ட நிக்கல ரத்னா. அதான் உங்க அண்ணி ஒத்துக்கினா."

இன்னொரு முறை என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளட்டும், வருகிறேன் என்றாள் ரத்னம்மா. வேண்டாம், பெண்ணுக்குத் தாயாக வந்து நின்றால் போதும் என்றார் அவர்.

திருச்சானூரில் ஒரு சிறு மண்டபத்தில் கல்யாணம். துலுக்காணம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அட்சதை போட்டார். மேளச் சத்தத்தில் செல்லியம்மா நாத்தனாரின் காதருகே குனிந்தாள்.

"இது நடக்காமலே இருந்துருக்கலாம், ரத்னம்மா."

ரத்னம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.