தீப்பெட்டிப் படங்களுக்கு வந்த கட்டணம்

போன வாரம் வீட்டில் சும்மா கிடந்த மீன் தொட்டியை விற்கலாமென்று செல்போனில் ஒரு விற்பனைச் செயலியைத் திறந்தேன். படம் எடுத்து, விலை போட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும்போது ஓர் அறிவிப்பு வந்தது. நமக்கு இன்னும் நல்ல சேவை தருவதற்காக விற்பவர் கட்டணத்தில் சின்ன மாற்றம் செய்திருக்கிறார்களாம். இப்படி இனிக்க இனிக்க ஆரம்பிக்கும் வாசகத்தைப் பார்த்தாலே என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். சந்தேகப் புத்தி என்பாள் மனைவி. இருக்கலாம். ஆனால் அது பிறவியில் வந்ததில்லை. கொல்லிமலையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா நான். கல்யாணமாகவில்லை. மழைக்காலத்தில் துவைத்த சட்டை காயவே காயாது. ஈரச் சட்டையோடு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் பஷீர் பாய் பழக்கமானார். மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மிளகு, காப்பிக்கொட்டை வியாபாரம். மலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்குச் சரக்கு எடுக்க வருவார். ஒருநாள் காலித் தீப்பெட்டியைக் கசக்கி எறியப் போனேன். "ஏனுங்க தம்பி, அந்தப் பொட்டிய எனக்குக் குடுத்துருங்க" என்று கையை நீட்டினார். பீடி கூடக் குடிக்காதவருக்குத் தீப்பெட்டி எதற்கு என்று ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன்.

தீப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் படங்களைச் சேர்ப்பவர் அவர். வெந்நீர் ஆவியில் காட்டி உரித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் காயவிடுவார். எல்லாம் மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நடக்கும் என்பதால், அவருடைய புலி, மயில், ரோஜாப்பூ எல்லாவற்றிலும் மிளகு வாசனைதான். சீக்கிரமே எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. அலுவலக வேலையாக மலைக்குள்ளே திண்ணனூர் நாட்டுக் கிராமங்கள் பக்கம் போனாலும் பெட்டிக்கடைப் பரண் மீதே கண் போகும்.

எங்களைப் போன்றவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருந்தது. செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சரசு அக்காவிடம் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒரு படம் ஏறுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். விற்பனை என்று பெயர்தான். கிடைப்பது தபால் செலவுக்குச் சரியாகப் போகும். அகமதாபாத்தில் ஓர் அம்மாள், பாய் அனுப்பிய உறையைப் பிரித்ததும் தும்மல் வந்ததாக எழுதினார். அதன்பிறகு தும்ம வைக்கும் படம் வேண்டும் என்றே கேட்டு வாங்குவார்.

பிறகு கட்டணம் வந்தது. முதலில், படம் போட இவ்வளவு என்றார்கள். சொற்பம்தான். ஆனால் டி.டி. எடுத்து அனுப்ப வேண்டும், டி.டி.க்கு வங்கி பிடித்த கமிஷன் அதைவிட அதிகம். அடுத்து, விற்ற விலையில் பங்கு. அதற்கடுத்து தபால் செலவிலும் பங்கு. பாய் கொதித்துப்போனார். "சாக்கையும் மொளகு வெலைக்கு நிறுக்குற கதையால்ல இருக்குதுங்க!" விளக்கம் நீண்டால் தனிக் கட்டணம் என்றதும் எல்லோரும் தந்தி மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். ஆசைக்காக வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மொத்த வியாபாரிகள் நுழைந்தார்கள். புதிதாக அச்சடித்து, டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கிய படங்கள் வந்தன. எதைப் பார்த்தாலும் போலியோ என்று தோன்றியது.

மிச்சமிருந்தவர்கள் கட்டணத்துக்குத் தப்பி நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். தளத்துக்காரர்களுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. போன் நம்பர் கொடுப்பவர்களின் கணக்கு முடக்கப்படும், காட்டிக்கொடுப்பவர்களுக்குக் கட்டணம் தள்ளுபடி என்று அறிவித்தார்கள்.

"அந்த அகமதாபாத் அம்மாவுக்கு என்ற நம்பர அனுப்பப் போறனுங்க தம்பி. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்" என்றார் பாய். அனுப்பினார். கணக்கு முடங்கியது.

என் கெட்ட நேரம், அதே சமயத்தில் எனக்கு ஒரு சலுகை வந்தது. நெடுநாளாக எதுவும் விற்காதவர்கள் கொஞ்ச காலம் இலவசமாகப் படம் போடலாமாம். சந்தோஷமாகப் போட்டேன். பாய் அதைப் பார்த்துவிட்டார்.

"டி.டி. எடுத்தீங்களா தம்பி?"

"இல்லீங்க பாய். ஏதோ சலுகைன்னு..."

"சலுகைங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த சந்தையன்று பாயைச் சரசு அக்கா கடைக்கு இழுத்துப்போய் அந்த அறிவிப்பைக் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் வருமுங்க" என்றார். பிறகு எங்கள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. வேறு கடையில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அவர் என்னைச் சந்தேகிக்க, நான் சரசு அக்காவைச் சந்தேகித்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் நின்றிருந்தவர் அவர்தானே? சுற்றி வளைத்துக் கேட்டதற்கு அக்கா சிரிக்கக்கூட இல்லை. "உங்க தீப்பொட்டி சமாச்சாரத்தக் காட்டிக்குடுத்து நான் எந்தக் கோட்டையப் புடிக்கப் போறனுங்க சார்? கரண்டு போறதுக்குள்ள முடிச்சுட்டு எந்திரிங்க."

சில மாதம் கழித்து மதுரைக்காரர் ஒருவர் தளத்தில் என்னிடம் படம் மாற்றிக்கொள்ளக் கேட்டார். அலுவலக முகவரியைப் பின்கோடோடு தட்டி அனுப்பினேன். அடுத்த நொடி என் கணக்கும் முடங்கியது. பின்கோடு மட்டும்தான்; போன் நம்பர் இல்லை. யாரும் காட்டிக்கொடுக்க நேரமே இல்லை. எண்கள் வரிசையாக வந்தாலே தளம் தானாகக் கதவைச் சாத்துகிறது என்று அப்போதுதான் உறைத்தது. கணக்கு போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். விடிந்ததும் பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போனேன்.

"பாய், என்னையும் முடக்கிட்டாங்க!" என்றேன் கடை வாசலிலிருந்தே. விவரம் சொன்னேன்.

"வெறும் பின்கோடுக்கா?"

"வெறும் பின்கோடுக்குத்தானுங்க."

மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்களப் போயி நான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், டீ சொல்லி அனுப்பினார்.

அந்தத் தளம் கொஞ்ச காலம் மொத்த வியாபாரிகளோடு ஓடியது. பிறகு ஒருநாள் பக்கம் திறக்கவில்லை. சரசு அக்கா கம்ப்யூட்டரை விற்றுவிட்டு ரீசார்ஜ் போட ஆரம்பித்தார். எனக்கு மாற்றல் வந்து கீழே இறங்கினேன். பாயை இப்போதும் பார்க்கிறேன். டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். முன்பெல்லாம் ஒரு படத்தைக் காட்டினால், எந்த ஊர், எந்தக் கடை, கடைக்காரரின் மாமனார் யார் என்பது வரை சொல்வார். போன தடவை அருமையான யானைப் படம் ஒன்றைக் காட்டினார். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கியோ கெடச்சதுங்க தம்பி" என்றார்.