குப்பாயி பெயர்த்த கதவு

குப்பாயிக்குத் தொண்டை பெரிசு. சேலத்து பஸ் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் வந்து நிற்கும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று, “பேரிக்கா! மலப் பேரிக்கா!” என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றிக் கிடந்தவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். வெள்ளக்கடையைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது அவள் ஊர். புருஷன் மிளகு பறிக்க மரம் ஏறி, விழுந்து செத்துப்போனான். பிள்ளைகுட்டி இல்லை. மிஞ்சியது ஒரு துண்டு நிலமும் அதில் காய்த்த பேரியும் ஆரஞ்சும்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள், அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் ஒண்டிக்கடையில்தான் கிடந்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சேலத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வேன் வேனாகச் சனம் மலையேறத் தொடங்கியிருந்தது. மூலைக்கு மூலை லாட்ஜ் எழும்பியது. பஸ், லாரி, வேன், ஜீப் எல்லாம் அந்த ஒரே முக்கில் திரும்ப வேண்டும். இறங்கிய கூட்டம் தின்று போட்ட இலை, உரித்துப் போட்ட தோல், வாந்தி, டீசல் எல்லாம் சேர்ந்து மழை பெய்தால் காலுக்கடியில் கூழாக ஓடும். குப்பாயி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

அங்கே கூடை வைத்து விற்ற பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது குடித்ததோடு சரி. வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது. முன்பெல்லாம் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்து வந்துகொண்டிருந்தார்கள். லாட்ஜ்காரர்கள் நிலம் வாங்க வாங்க, கம்பி வேலியும் காவல்காரனும் நாயும் வந்து சேர்ந்தன. ஆண்களுக்கு எந்தச் சுவராக இருந்தாலும் போதும். பெண்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். நீர்க்கடுப்பு வராத பெண் ஒருத்தி அந்த வரிசையில் இல்லை. யாரும் அதைப் பேசவும் இல்லை.

ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்ட் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, வளர்ச்சிக் கமிட்டி ஒரு கூட்டம் போட்டது. கமிட்டித் தலைவர் ஆறுமுகம் இரண்டு லாட்ஜுக்குச் சொந்தக்காரர். எப்போதும் சந்தன வாசனையோடு இருப்பார். மேசைமேல் நீலத்தாள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜேசுதாஸ் என்ற இளம் என்ஜினியர், எந்த பஸ் எந்த வழியாக நுழையும், எது எங்கே நிற்கும் என்று விரலால் காட்டினார். “யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணுமா?” என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார்.

குப்பாயி எழுந்தாள். “ஏனுங்க, பொம்பளைங்க ஒதுங்கறதுக்கு அதுல எங்கீங்க எடம் வெச்சிருக்கீங்க?”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், “காடு பூரா உன்றதுதானே ஆயா!” என்றான்.

“காட்டயெல்லாம் கம்பி போட்டு அடைச்சுப்புட்டீங்களே சாமி. இனி உன்ற ஊட்டுக்குள்ள வந்து போறதா?” என்றாள் குப்பாயி. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஜேசுதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய், பென்சிலை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டார். “எழுதிட்டனுங்கம்மா” என்றார். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது அவளுடைய தம்பி சின்னன். “எங்கக்காளுங்க!” என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னான். தலைவருக்கு எடுபிடியாக அப்போதுதான் சேர்ந்திருந்தான் அவன்.

கட்டி முடிக்க வருஷங்கள் ஆயின. ஜேசுதாஸ் பாதியில் மாற்றலாகிப் போனார். எண்பதுகளின் நடுவில் ஒருவழியாகத் திறந்தார்கள். பந்தல், மாலை, மைக், பேர் பொறித்த கல் எல்லாம் தடபுடலாக இருந்தன. கூரை போட்ட முன்பக்கம் முழுக்கச் சேலத்து பஸ்ஸுக்கும் டூரிஸ்ட் வேனுக்கும் போயிற்று. மலைக்கிராமத்து பஸ்கள் மட்டும் பின்பக்கம் சேற்றில், கூரையில்லாமல் நிற்க வேண்டும். ஏன் இப்படி என்று யாரோ கேட்டதற்குத் தலைவர், “மலைச்சனம் மழைக்குப் பழகினவங்கதானே” என்றாராம். சுற்றி நின்றவர்கள் அதற்கும் சிரித்தார்களாம்.

ஆனால் கக்கூஸ் இருந்தது. கடைகள் முடிகிற ஓரத்தில் தனிக் கட்டடம், தலையில் பூ வைத்த பெண் படம், நீல எழுத்தில் ‘பெண்கள்’. குப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கூட விற்கிற வெள்ளையம்மாளைக் கூட்டிக்கொண்டு போனாள். கதவில் பூட்டு தொங்கியது.

இன்னும் தண்ணீர்க் குழாய் போடவில்லை என்றார்கள். பிறகு, கூட்டிப் பெருக்க ஆள் போடவில்லை என்றார்கள். அதற்கப்புறம் காரணம் சொல்லவும் யாரும் மெனக்கெடவில்லை. பெண்கள் அந்தக் கட்டடத்துக்குப் பின்சுவரோரமாகவே ஒதுங்க ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய், ஒருத்தி சேலையை விரித்துப் பிடிப்பாள். தலைக்கு மேலே ரோடு, காலடியில் நரகல். ஈ மொய்க்கும். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க வேண்டும். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு திரும்பி வரும்போது, கட்டடத்தின் முன்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையாக மின்னிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் சின்னன் அந்தக் கதவைத் திறந்து சோடாப் பெட்டியோடு வெளியே வருவதைக் குப்பாயி பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு ஒரு சோடாக்கடையைத் தலைவர் பிடித்துக் கொடுத்திருந்தார்.

“சாவி உங்கிட்டயா இருக்குது?”

“தலைவருதானுங்க்கா குடுத்தாரு. சும்மா பூட்டிக் கெடக்கற எடம்தானே, சரக்கு வெச்சுக்கன்னாரு. ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க.”

அங்கேயே குரல் கொடுக்க வாய் திறந்தாள். ஆனாலும் தம்பியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டாள். அம்மா செத்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கடை நன்றாக ஓடினால் அவன் பெண் மருதாயி படிப்பாள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஒவ்வொரு தடவை பின்சுவருக்குப் போகும்போதும் தொண்டையில் கசந்தது.

மருதாயி அப்போது ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது. ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். ஊர் பஸ் வரவில்லை. வேன் நெரிசலில் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்றார்கள். அவள் அப்பன் கடைக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தலை குனிந்தபடி பின்சுவர்ப் பக்கம் போவதைக் குப்பாயி கண்டாள். கையில் தராசு, எதிரே ஆரஞ்சு பேரம் பேசுகிற ஆள். குப்பாயி எழுந்து கூடப் போவதற்குள் மேல் ரோட்டில் விசில் சத்தம் கேட்டது.

வேன் ஒன்றை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கையில் பாட்டில். ஒருத்தன் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்தான். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா” என்று கத்தினான் இன்னொருத்தன்.

மருதாயி ஓடி வந்தாள். யூனிபார்ம் பாவாடையின் ஓரம் நனைந்து காலில் ஒட்டியிருந்தது. அழக்கூட இல்லை, பல் மட்டும் கிட்டியது.

“ஒங்கப்பங்கிட்ட சாவி கேக்கலியா கண்ணு?”

“கேட்டேன் அத்தை.”

“என்ன சொன்னான்?”

“பெட்டியெல்லாம் அடுக்கி வெச்சிருக்குது, எடுத்து வெக்க ஆளில்ல, செவுத்துக்குப் பின்னால போயிட்டு வான்னாரு.”

குப்பாயி அவளைக் கூடைக்குப் பின்னால் உட்கார வைத்து, தன் துண்டை எடுத்து மடியில் போர்த்திவிட்டு, சோடாக்கடைக்கு நடந்தாள். சின்னன் கடையில் நின்றிருந்தான். சாவி அவன் சட்டைப் பையில் கயிறோடு தொங்கியது.

“மேல இருந்து அவளப் போட்டா புடிச்சானுகடா.”

சின்னன் ஒரு கணம் ரோட்டுப் பக்கம் பார்த்தான். அந்த வேன்காரர்கள்தான் சற்றுமுன் அவனிடம் சோடா வாங்கிப் போனவர்கள். “சத்தம் போடாதீங்க்கா. யாவார நேரம். ஊட்டுல இருந்து வாரப்பவே போயிட்டு வந்திருக்கணும் அவ. வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவளைக் கட்டறதுக்கு எவன் வருவான்?”

இவனையா இடுப்பில் தூக்கிச் சுமந்தோம் என்று குப்பாயிக்கு உடம்பு கூசியது. மரவட்டையை மிதித்துவிட்டுக் காலை உதறுகிறவள்போல ஒரு அடி பின்னால் வைத்தாள். கூடைக்கு வந்து, தராசோடு இருந்த பெரிய எடைக்கல்லை எடுத்தாள். வெள்ளையம்மாள், “எங்கடி போற?” என்று கேட்பதற்குள் கக்கூஸ் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

முதல் அடிக்குப் பூட்டு அசையவில்லை. இரண்டாவது அடிக்கு, கமிட்டி போட்ட கதவாயிற்றே, கொண்டி மரத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. கதவு ஒரு பக்கமாகச் சரிந்தது.

உள்ளே கூரைவரைக்கும் சோடாப் பெட்டிகள். அதற்கு மேல் தலைவர் முகம் போட்ட துணி பேனர் மூட்டை. மூலையில் எலிப் புழுக்கை. பெட்டிகளை இழுத்துப் போட்டபோது தரையில் பதித்த பீங்கான் தொட்டிகள் தெரிந்தன. ஓரத்தில் ஒட்டிய வைக்கோலைக்கூட எடுக்காமல், பால் மாதிரி வெள்ளையாக இருந்தன. இத்தனை வருஷமும் எந்த மனுஷியும் கால் வைக்காத வெள்ளை. அதைப் பார்த்ததும்தான் குப்பாயிக்கு ஓங்கரித்தது. வெளியே ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நாற்றத்துக்கு வராத வாந்தி, அந்தச் சுத்தத்தைப் பார்த்து வந்தது.

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையை விட்டு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பெட்டிகளை வரிசையாகக் கைமாற்றி வெளியே சேற்றில் அடுக்கினார்கள். பஸ்ஸுக்கு நின்ற டீச்சர் ஒருத்தி, ஞானசுந்தரி என்று பேர், சர்ச் பக்கம் குடியிருந்தவள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு பேனர் மூட்டையைத் தூக்கினாள். சின்னன் தூரத்தில் நின்று, “பாத்துங்க, பாட்டிலு” என்று கத்தினான். கிட்டே வரவில்லை.

கான்ஸ்டபிள் வந்தார். கமிட்டிச் சொத்தை உடைத்தது யார் என்று கேட்டார்.

“நாந்தானுங்க. கூட்டிட்டுப் போங்க. போற வழியில, உள்ள இருந்த பெட்டி ஆருதுன்னு எழுதிக்குங்க. அந்தப் பேனரு ஆருதுன்னும் எழுதிக்குங்க.”

கான்ஸ்டபிள் பேனரைப் பார்த்தார். சின்னனைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவே இல்லை. அந்தப் பெண்கள் எல்லாரும் அன்றைக்கு முதல் தடவையாகக் கதவுக்குப் பின்னால் போய் வந்தார்கள். பெயர்ந்த கதவை ஒருத்தி வெளியிலிருந்து பிடித்துக்கொண்டாள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். மருதாயியையும் குப்பாயி எழுப்பிக் கூட்டிப்போய், பாவாடையை அலசிக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே தலைவர் ரிப்பனோடு வந்துவிட்டார். புதுக் கதவு, புதுப் பெயின்ட், பத்திரிகைக்காரன். ‘மகளிருக்காக’ என்று ஏதோ எழுதிய கல் ஒன்று. கத்திரிக்கோல் வைத்த தட்டைக் குப்பாயி ஏந்தி நிற்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை.

“நீங்க கேட்டதத்தானே செஞ்சு குடுத்திருக்கோம். வாங்கம்மா, போட்டாவுல நில்லுங்க” என்றார், பல் தெரிய. சந்தன வாசனை அடித்தது.

“போட்டாவா? எங்க ஊட்டுப் புள்ளய எடுத்தது போதாதுங்களா?” என்றாள் குப்பாயி. “அந்தச் செவுத்துக்குப் பின்னால போயி நில்லுங்க. எத்தன வருசமா நாங்க நின்ன எடம். அங்க நின்னு எடுத்துக்குங்க.”

எச்சிலைக் கூட்டித் துப்பினாள். அது அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், சிரிப்பை மாற்றவில்லை. இதற்கும் சிரிக்க முடிகிறதே இந்த ஆளால் என்று அவள் கூடைப் பக்கம் திரும்பி நடந்தாள். தட்டை வேறு யாரோ பிடித்தார்கள்.

குழாயில் தண்ணீர் ஒரு மாசம் வந்தது. அப்புறம் நின்றது. கூட்டிப் பெருக்க ஆள் வரவே இல்லை. உள்ளே கால் வைக்க முடியாமல் ஆனபோது, பெண்கள் முறை வைத்து ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் கழுவினார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சண்டை போட்டு, ஞானசுந்தரி டீச்சர் மனுவுக்கு மேல் மனு எழுதி, குழாய்க்கு மறுபடி உயிர் வருவதற்குள் இன்னும் இரண்டு மழைக்காலம் போயிற்று. ஆனால் கதவில் பூட்டு மட்டும் திரும்ப ஏறவில்லை. பூட்ட வந்த ஒன்றிரண்டு பேர் குப்பாயியின் தொண்டையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மருதாயி அன்று இரவு அத்தை வீட்டுக்குப் போனவள்தான். அங்கிருந்தே பரீட்சை எழுதினாள். சேலத்தில் நர்ஸ் படிப்புக்கும் அங்கிருந்தே போனாள். அப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

சேர்வராயன் கோயில் திருவிழா வந்த ஒரு வருஷம், சின்னன் பூந்திப் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தான். கடை பெரிதாகியிருந்தது, கையில் கடிகாரம். தின்பண்டத்தை வைத்துவிட்டு, “புள்ளயக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க்கா. நடந்தது நடந்து போச்சு” என்றான்.

மருதாயி வெளியூர் ஆளுக்குக் கொடுப்பதுபோல் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குப்பாயி அவனைத் திட்டவில்லை. கோபம் இருந்திருந்தால் திட்டியிருப்பாள். திட்டினால் அடுத்த நாள் பேசியும் இருப்பாள். மோர் குடிக்கையில் அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அவ வரமாட்டா. நீ கெளம்பு” என்றாள்.

அவன் தடத்தில் இறங்கி மறைந்ததும், பூந்தியைப் பொட்டலத்தோடு கோழிக்குக் கொட்டினாள். அவன் குடித்த டம்ளரை எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.